பணிவழித் தமிழ் வகுப்பு: வாடகை வீடு தேடும் ஒரு பாடத்தை அடித்தளத்திலிருந்து கட்டுவது எப்படி

வேறு மாநிலத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த ஒருவர் ஆறு மாதம் மாலை வகுப்பில் தமிழ் படிக்கிறார். எழுத்துகளும் வேற்றுமை உருபுகளும் முக்கால வினைமுற்றுகளும் அவருடைய நோட்டில் அழகாக வரிசைகட்டி நிற்கின்றன. ஆனால் வீட்டுக்காரர் தொலைபேசியில் "அட்வான்ஸ் எப்ப தருவீங்க?" என்று கேட்டால் அவருக்கு வாயிலிருந்து ஒரு சொல்லும் எழுவதில்லை. பெரியவர்களுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பித்த ஆண்டுகளில் இந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். மாணவரின் உழைப்பில் குறை இல்லை. அவர் மொழியைப் பற்றி நிறையக் கற்றார். அந்த மொழியை வைத்து ஒரு காரியத்தை முடிக்கும் வாய்ப்பு மட்டும் அவருக்கு வகுப்பறையில் கிடைக்கவே இல்லை.

அந்த வாய்ப்பையே பாடத்தின் அச்சாக வைக்கும் முறைதான் பணிவழிக் கற்பித்தல். ஆசிரியர்கள் பேச்சில் 'டாஸ்க்' என்று குறிப்பிடுவதை இங்கே 'பணி' என்று எழுதுகிறேன். இம்முறை உலகெங்கும் பேசப்படுவதற்கு ஒரு முக்கியமான தொடக்கம் நம் பக்கத்திலேயே நிகழ்ந்தது. 1979 முதல் 1984 வரை மொழிக் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபுவும் அவருடன் இணைந்த ஆசிரியர்களும் பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஆங்கிலத்தை இலக்கணப் பட்டியல் இல்லாமல், கால அட்டவணை, வரைபடம், பணக்கணக்கு போன்ற பணிகளை மட்டும் கொண்டு கற்பித்துப் பார்த்தார்கள். பெங்களூர்த் திட்டம் என்று பின்னர் அறியப்பட்ட அம்முயற்சியின் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான்: மாணவரின் மனம் பொருளைப் பிடிக்க முயலும் நேரத்தில்தான் மொழியின் வடிவம் அவருக்குள் படிகிறது.

இந்த வழிகாட்டி ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதைத் தொடக்கம் முதல் மதிப்பீடு வரை கட்டிக் காட்டுகிறது. மூன்று நான்கு மாதம் தமிழ் படித்த பன்னிரண்டு பெரியவர்கள், தொண்ணூறு நிமிட வகுப்பு, வாடகை வீடு தேடுதல் என்ற பொருள் ஆகியவை அதன் எல்லைகள்.

முதல் படி: தேவையைக் கேட்டறிதல்

பாடத்திட்டத்தை எழுதுவதற்கு முன் மாணவர்களிடம் அவர்களுக்கு வசதியான மொழியிலேயே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "போன வாரம் தமிழ் தெரியாமல் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டீர்கள்?" எந்த இலக்கணம் கடினம் என்று கேட்டால் புத்தகத்தின் பொருளடக்கம்தான் பதிலாக வரும். எங்கே சிக்கினீர்கள் என்று கேட்டால் வாழ்க்கை வரும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஓ.டி.பி. கேட்டது, பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்த தமிழ் அறிவிப்பு, மருந்துக் கடையில் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொன்னது, வீட்டுக்காரரிடம் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல முடியாமல் போனது என்று ஒரு பட்டியல் சேரும். பாடத்திட்டம் மாணவரின் உண்மையான தேவையிலிருந்தே தொடங்க வேண்டும் என்று மொழியியலாளர் மைக்கேல் லாங் வலியுறுத்தியதன் நடைமுறைப் பொருள் இதுதான்.

புலம்பெயர்ந்த நாடுகளின் வார இறுதிப் பள்ளிகளில் இந்தப் பட்டியல் முற்றிலும் வேறாக இருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு வாடகை வீடு தேவையில்லை. ஊரிலிருக்கும் பாட்டியிடம் காணொளி அழைப்பில் ஐந்து நிமிடம் பேச முடிய வேண்டும்.

இரண்டாம் படி: பணி எது, பயிற்சி எது என்று பிரித்தறிதல்

'என் வீடு' என்ற தலைப்பில் ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வது பணி ஆகாது. 'ஆல்' உருபு வருமாறு வீட்டைப் பற்றிப் பேசச் சொல்வதும் பணி ஆகாது. இரண்டிலும் மாணவர் மொழியைக் காட்டுகிறார். மொழியால் எதையும் செய்வதில்லை. பணிவழிக் கற்பித்தலை ஆய்ந்த ராட் எல்லிஸ் தொகுத்துத் தரும் நான்கு அளவைகள் இங்கே கைகொடுக்கும். கவனம் முதன்மையாகப் பொருளின் மீது இருக்க வேண்டும். தகவலிலோ கருத்திலோ நிரப்பப்பட வேண்டிய ஓர் இடைவெளி இருக்க வேண்டும். மாணவர் தமக்குத் தெரிந்த மொழியைத் தாமே தேர்ந்து பயன்படுத்த வேண்டும். மொழிக்கு வெளியே ஒரு முடிவு கிடைக்க வேண்டும்.

நான்காவது அளவையை முதலில் எழுதிவைப்பது என் வழக்கம். நம் பாடத்துக்கான முடிவு இது: "நான்கு வீடுகளில் இந்தக் குடும்பத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்காரரிடம் என்ன பேசிப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்." இந்த வாக்கியத்தில் இலக்கணப் பெயர் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருந்தால் அதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.

மூன்றாம் படி: இடைவெளியைக் கட்டுதல்

பணி நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். ஆகவே மொத்தத் தயாரிப்பு நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் தகும்.

பிரபு மூவகை இடைவெளிகளைக் காட்டினார். ஒருவரிடம் இருக்கும் செய்தி மற்றவரிடம் இல்லாதிருப்பது தகவல் இடைவெளி. கிடைத்த செய்திகளிலிருந்து புதிய ஒன்றைச் சிந்தித்துப் பெறுவது காரண இடைவெளி. விருப்பத்தையும் மனநிலையையும் சொல்வது கருத்து இடைவெளி. காரண இடைவெளிப் பணிகளே வகுப்பில் மிக நன்றாகப் பலன் தந்தன என்பது அவருடைய முடிவு. என் அனுபவமும் அதுவே. வெறும் தகவல் இடைவெளியில் மாணவர் எண்ணைக் கேட்டு எண்ணை எழுதி நிறுத்திவிடுகிறார். வெறும் கருத்து இடைவெளியில் பேச்சில் வல்லவர் பேச, மற்றவர் தலையசைக்கிறார். காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்போதோ, சரியா தவறா என்று சோதிக்க ஒரு பிடி இருப்பதால், தயங்குபவரும் வாய் திறக்கிறார்.

நம் குடும்பத்தில் கணவன், மனைவி, பள்ளி செல்லும் மகள், முழங்கால் வலியுள்ள பாட்டி என்று நான்கு பேர். மாத வாடகை 15,000 ரூபாய்க்கு மேல் முடியாது. அட்வான்ஸ் 80,000 வரை கொடுக்கலாம். பாட்டியால் படி ஏற முடியாது. மனைவி வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத் திரும்புவதால் பேருந்து நிறுத்தம் பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். வீடுகள் இவை:

முதல் வீடு: தரைத்தளம், வாடகை 14,000, அட்வான்ஸ் 1,00,000, நிறுத்தம் ஐந்து நிமிடம், போர் தண்ணீர் உப்பு.
இரண்டாம் வீடு: இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000, வாசலிலேயே நிறுத்தம்.
மூன்றாம் வீடு: தரைத்தளம், வாடகை 14,500, அட்வான்ஸ் 75,000, நிறுத்தம் இருபத்தைந்து நிமிடம்.
நான்காம் வீடு: தரைத்தளம், வாடகை 17,000, அட்வான்ஸ் 80,000, நிறுத்தம் ஏழு நிமிடம்.

ஒவ்வொரு வீடும் ஒரே ஒரு நிபந்தனையில் மட்டும் தவறுகிறது. எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்தும் வீடு ஒன்று இருந்தால் அதைக் கண்டவுடன் பேச்சு முடிந்துவிடும். எதுவுமே பொருந்தாததால்தான் எதை விட்டுக்கொடுக்கலாம், எதைப் பேசிக் குறைக்கலாம், எதை மாற்றவே முடியாது என்ற வாதம் எழுகிறது. அட்வான்ஸைக் குறைத்துக் கேட்க முடியும். பாட்டியின் முழங்காலை மாற்ற முடியாது. உப்புத் தண்ணீர் நிபந்தனையில் இல்லாத செய்தி; சிலர் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள், சிலர் அதனாலேயே முதல் வீட்டை ஒதுக்குவார்கள். அப்படி ஒரு செய்தியை வேண்டுமென்றே போட்டு வையுங்கள்.

இந்த விவரங்களை எப்படிப் பங்கிடுவது என்பதில் நான் ஒருமுறை தவறினேன். நான்கு வீடுகளின் முழு விவரத்தையும் ஒருவரிடமும், குடும்பத்தின் நிபந்தனைகளை மற்றவரிடமும் கொடுத்தேன். முதலாமவர் படித்துக்கொண்டே போக, இரண்டாமவர் "ம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது குடும்ப அட்டையை இருவருக்கும் தருகிறேன். வாடகையும் அட்வான்ஸும் ஒருவரிடம், தளமும் தூரமும் தண்ணீரும் மற்றவரிடம். எந்த ஒரு வீட்டைப் பற்றியும் எவரும் தனியாக முடிவெடுக்க முடியாது என்பதால் இருவரும் கேட்டாக வேண்டும், இருவரும் சொல்லியாக வேண்டும்.

நான்காம் படி: எந்தத் தமிழ்?

பிற மொழிகளுக்கான கையேடுகள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. நமக்கு இது தவிர்க்க முடியாதது. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரத்தில் எத்தனையோ மாணவர்கள் களைத்துப் போகிறார்கள். "வேண்டும்" என்று படித்துவிட்டுத் தெருவில் இறங்கினால் "வேணும்" என்ற சொல்தான் காதில் விழுகிறது. இதற்குப் பணிவழிக் கற்பித்தல் ஒரு நேரான விடை தருகிறது. எந்தத் தமிழ் என்பதை ஆசிரியரின் விருப்பம் முடிவு செய்ய வேண்டாம். பணி முடிவு செய்யட்டும். உலகில் அந்தக் காரியம் பேசி நடக்கிறதென்றால் வகுப்பிலும் பேச்சுத் தமிழ். எழுதி நடக்கிறதென்றால் எழுத்துத் தமிழ்.

நம் பாடத்தில் வீட்டு விவர அட்டை விளம்பரம் போன்றது என்பதால் எழுத்துத் தமிழில் அச்சிடப்படும். இருவரின் உரையாடல் பேச்சுத் தமிழில் நடக்கும். "லிஃப்ட் வசதி இல்லை" என்று படித்ததை "லிஃப்ட் இல்லைங்க" என்று சொல்லும்போது மாணவர் இரண்டு வழக்குகளுக்கும் இடையே தாமாகவே ஒரு பாலம் போடுகிறார். சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அங்கே கொள்கையாகவே வந்ததை இங்கே ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பளவில் செய்யலாம்.

யாருடைய பேச்சு என்பதையும் மாணவரின் சூழலை வைத்தே முடிவு செய்யுங்கள். சென்னையில் "பாட்டியால மாடி ஏற முடியாது" என்றால், யாழ்ப்பாணக் குடும்பத்துக் குழந்தை வீட்டில் "அம்மம்மாவால ஏற ஏலாது" என்று கேட்டு வளர்ந்திருக்கும். அதைத் திருத்துவது குழந்தையின் வீட்டைத் திருத்துவதாகும்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஐந்தாம் படி: முன்னோட்டம் (20 நிமிடம்)

பெங்களூர்த் திட்டத்தின் வகுப்புகளில் ஆசிரியர் முதலில் முழு வகுப்போடும் சேர்ந்து, பின்னால் வரப்போகும் பணியைப் போன்ற இன்னொன்றைக் கேள்வி கேட்டுக் கேட்டுச் செய்து முடிப்பார். அதன் பிறகே மாணவர்கள் தம் பணியைத் தொடங்குவார்கள். அதையே பின்பற்றுங்கள். கரும்பலகையில் தனியாக வாழும் ஓர் இளைஞரின் தேவைகளையும் இரண்டு வீடுகளையும் எழுதி, "இவருக்கு எந்த வீடு சரியா வரும்? ஏன்?" என்று கேளுங்கள். ஒரு சொல்லில் வரும் பதில் போதும்.

பிறகு, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் இதே போன்ற பணியைச் செய்யும் இரண்டு நிமிட ஒலிப்பதிவைக் கேட்கச் செய்யுங்கள். பணிவழிக் கற்பித்தல் பற்றி நூல் எழுதிய ஜேன் வில்லிஸ் பரிந்துரைத்த இந்த உத்தி மிகப் பயனுள்ளது. உங்கள் கைபேசியிலேயே பதிவு செய்யலாம், ஆனால் வசனம் எழுதிக் கொடுத்துப் படிக்க வைக்காதீர்கள். தயக்கம், இடைமறிப்பு, "அப்படியா, அப்ப இது வேணாம்" போன்ற உயிருள்ள பேச்சுத்தான் மாணவருக்கு வேண்டும்.

தரைத்தளம், மாடி, அட்வான்ஸ், காலி, நடை தூரம் என்று ஆறேழு சொற்களைப் பலகையில் எழுதலாம். இலக்கண அமைப்பை மட்டும் முன்கூட்டியே கற்பிக்க வேண்டாம். கற்பித்தால் மாணவர் அடுத்த இருபது நிமிடமும் வீட்டைத் தேட மாட்டார். நீங்கள் எதிர்பார்க்கும் உருபைச் சொல்ல இடம் தேடிக்கொண்டிருப்பார்.

ஆறாம் படி: பணி (20 நிமிடம்)

இப்போது ஆசிரியர் விலகி நிற்க வேண்டும். இது சொல்ல எளிது; பழக நான் நெடுநாள் எடுத்துக்கொண்டேன். ஒரு மாணவர் "பாட்டி மாடி... போறது... இல்ல" என்று தடுமாறும்போது நாவின் நுனியில் திருத்தம் வந்து நிற்கும். அவருடன் பணியைச் செய்யும் இணையர் புரிந்துகொண்டு "ஆமா, கால் வலி" என்று சொன்னால் அங்கே உங்களுக்கு வேலை இல்லை. உங்களிடமே கேட்டாலோ, பேச்சு முற்றிலும் நின்றுவிட்டாலோ, இயல்பாகப் பதில் சொல்வதுபோல் சரியான வடிவத்தைக் கொடுங்கள்: "ஓ, பாட்டியால மாடி ஏற முடியாதா?" அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். கேட்ட பிழைகளையும் நல்ல தொடர்களையும் நோட்டில் குறித்துக்கொண்டே நடங்கள். எட்டாம் படிக்கான மூலப்பொருள் அதுதான்.

இருவராகப் பேசவிடுவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மாணவர்கள் தங்களுக்குள் பேசினால் தவறான வடிவங்கள் ஊறிவிடும் என்று கருதிய பிரபு, முன்னோட்டத்துக்குப் பிறகு தனித்தனியாகவே பணியைச் செய்ய வைத்தார். பின்வந்தவர்கள் பெரும்பாலும் இணையராகப் பேசுவதையே விரும்பினர். தமிழ் பேசவே துணிவில்லாத பெரியவர்களுக்கு இணையர் முறைதான் ஏற்றது என்பது என் தீர்ப்பு. ஒரே தாய்மொழியினர் இருவரைச் சேர்த்து அமரவைத்தால் ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு இந்திக்கோ தெலுங்குக்கோ போய்விடும் என்பதால், முடிந்தவரை கலந்து அமர்த்துங்கள். ஒரு சொல்லுக்காகத் தாய்மொழியை நாடினால் தடுக்க வேண்டாம்.

பணி அளவாக இருந்ததா என்று அறிய பிரபுவின் குழு எளிய ஓர் அளவுகோல் வைத்திருந்தது: வகுப்பில் குறைந்தது பாதிப் பேர், பணியில் குறைந்தது பாதியைச் சரியாக முடித்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் அடுத்த முறை வீடுகளை மூன்றாகக் குறையுங்கள். எல்லோரும் எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டால் நிபந்தனை ஒன்றைக் கூட்டுங்கள்.

ஏழாம் படி: தயாரிப்பும் அறிக்கையும் (20 நிமிடம்)

ஒவ்வோர் இணையும் தம் முடிவை வகுப்பின் முன் ஒரு நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்று அறிவித்து, தயாரிக்க எட்டு நிமிடம் கொடுங்கள். தனியே பேசும்போது காரியம் முடிந்தால் போதும் என்றிருந்தவர், நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றவுடன் சொல்லைத் திருத்தத் தொடங்குவார். "ஏற முடியாது சரியா, ஏறாது சரியா?" என்று அவரே எழுந்து வந்து கேட்பார். கேட்டவருக்கு மட்டும், கேட்டதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். பணி, தயாரிப்பு, அறிக்கை என்று செல்லும் வில்லிஸின் சட்டகத்தில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டத்தைத்தான். துல்லியத்தின் மீதான அக்கறை மாணவரிடமிருந்தே பிறக்கிறது.

அறிக்கைகளைக் கேட்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். எந்த வீட்டுக்கு எத்தனை வாக்கு என்று எண்ணுவது போதும்.

எட்டாம் படி: வடிவத்தின் மீது கவனம் (25 நிமிடம்)

பணிவழிக் கற்பித்தலில் இலக்கணமே கிடையாது என்பது பரவலான தவறான எண்ணம். இலக்கணம் உண்டு, அது மாணவர் அதற்கான தேவையை உணர்ந்த பிறகு வருகிறது. நீங்கள் குறித்த தொடர்களிலிருந்து மூன்று சரியானவற்றையும் மூன்று பிழையானவற்றையும், சொன்னவர் பெயரைச் சொல்லாமல், பலகையில் எழுதுங்கள். எவை சரி என்று மாணவர்களே முதலில் பேசித் தீர்க்கட்டும்.

இந்தப் பணியில் அனேகமாக எப்போதும் எழும் வடிவங்கள் உண்டு. "முதல் வீட்டை விட ரெண்டாவது வீடு வாடகை கம்மி" என்ற ஒப்பீடு, "அட்வான்ஸ் குறைச்சா எடுத்துக்கலாம்" என்ற நிபந்தனை, "பேசிப் பார்க்கலாம்" என்ற யோசனை, "பாட்டியால முடியாது" என்ற இயலாமை ஆகியவை அவை. பிழைகளின் வேர் மாணவரின் தாய்மொழியைப் பொறுத்து மாறுவதைக் கவனித்தால் விளக்கம் பாதியாகக் குறையும். ஆங்கிலத்தில் வளர்ந்த குழந்தை "நான் தண்ணி வேணும்" என்று சொல்லும். ஆங்கிலத்தில் விரும்புபவர் எழுவாயாகவே நிற்கிறார். இந்தி பேசுபவர் இந்தத் தவறை அதிகம் செய்வதில்லை, ஏனெனில் அவருடைய "முஜே சாஹியே" நம் "எனக்கு வேணும்" என்பதைப் போலவே அமைந்தது. ஆனால் இயலுதலைச் சொல்லும்போது இந்தியில் செய்பவர் எழுவாயாகிவிடுவதால் அவர் "நான் ஏற முடியாது" என்பார்; "என்னால" என்பது அவருக்குப் புதிது. கலப்பு வகுப்பில் இந்த இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால், ஒருவரின் பலம் மற்றவருக்குப் பாடமாகிறது.

பிறகு ஒலிப்பதிவின் எழுத்துப்படியைக் கொடுத்து "-ஆ" என்று முடியும் வினைகளை அடிக்கோடிடச் செய்யுங்கள். குறைச்சா, வந்தா, இருந்தா என்று கிடைப்பவற்றிலிருந்து, இறந்தகால அடியோடு அது சேர்கிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் பழைய பாணி வாய்ப்பயிற்சியும் கொடுக்கலாம். அதில் எந்த இழுக்கும் இல்லை. எதற்காக வாயில் பழக்குகிறோம் என்று மாணவருக்கு இப்போது தெரியும்.

ஒன்பதாம் படி: அடுத்த வாரம் அதே பணி

மீதமுள்ள ஐந்து நிமிடத்தில், அடுத்த வாரமும் வீடு தேடப்போகிறோம் என்று சொல்லி அனுப்புங்கள். 1996-இல் மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் மார்ட்டின் பைகேட் ஒரே ஒருவரிடம் கார்ட்டூன் காட்சியொன்றை விவரிக்கச் செய்து, சில நாள் கழித்து மீண்டும் விவரிக்கச் செய்து ஒப்பிட்டார். இரண்டாம் முறையில் மொழி மேம்பட்டிருந்தது. என்ன சொல்வது என்ற சுமை இறங்கிவிடுவதால் எப்படிச் சொல்வது என்பதற்கு மனத்தில் இடம் கிடைக்கிறது. இணையரை மாற்றுங்கள், பாட்டிக்குப் பதில் கைக்குழந்தையை வையுங்கள். அட்டையின் மற்ற வரிகள் அப்படியே இருக்கட்டும்.

இடர்கள் சில

பேசவே வராத புதியவர்களுக்கு இது பொருந்தாது என்ற எதிர்ப்பு நியாயமானது. அவர்களுக்குக் கேட்டுச் செய்யும் பணிகளைக் கொடுங்கள். "வாசலுக்கு நேரா ஹால். ஹாலுக்கு வலது பக்கம் சமையலறை" என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் வீட்டின் வரைபடத்தை வரையட்டும். ஒரு சொல் பேசாமலும் அது முழுமையான பணிதான்.

நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இணையர் முறை இரைச்சலாகிவிட்டால், முன்னோட்டத்தை நீட்டித்து, பணியைத் தனித்தாளில் செய்ய வைக்கும் பிரபுவின் வழிக்குத் திரும்பலாம்.

இதைவிட ஆழமான எதிர்ப்பு, வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரமே கிடைக்கும் வகுப்பில் தேவையான இலக்கணம் தற்செயலாக எழும் என்று காத்திருக்க முடியுமா என்பது. 2005-இல் ஆங்கில இலக்கண நூலாசிரியர் மைக்கேல் ஸ்வான் இதைக் கூர்மையாக எழுப்பினார். அதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. ஒரு பருவத்துக்குள் மாணவர் சந்தித்தாக வேண்டிய முப்பது வடிவங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பணிக்குப் பிறகும் எழுந்தவற்றின் எதிரே தேதி இடுகிறேன். எட்டு வாரம் ஆகியும் "கிட்டு இருக்கேன்" என்ற தொடர்நிகழ்வு வடிவம் எழவில்லையென்றால், அது எழாமல் தீராத ஒரு பணியை ஒன்பதாம் வாரத்துக்கு அமைக்கிறேன். இருவருக்கு இரண்டு தெருக் காட்சிப் படங்களைக் கொடுத்து, யார் யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பேசியே வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கச் செய்வது அவற்றில் ஒன்று.

பத்தாம் படி: மதிப்பீடு

பணியால் கற்பித்துவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்புமாறு தேர்வு வைத்தால் மாணவர் தேர்வையே நம்புவார். எனவே தேர்வும் பணியாகவே இருக்கட்டும். மாணவருக்கு முன்பின் தெரியாத ஒரு தமிழர் வீட்டுக்காரராகத் தொலைபேசியில் பேசட்டும். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், வீடு பார்க்க வரும் நேரம் ஆகிய நான்கையும் மாணவர் கேட்டு எழுதி வர வேண்டும். நான்கும் சரியாக வந்ததா என்பது முதல் அளவு. பேசியவருக்கு எங்கேனும் புரியாமல் போனதா என்பது இரண்டாவது. இதை அவரிடமே கேளுங்கள். வடிவத்தின் துல்லியம் மூன்றாவது. அதற்கும் மதிப்பெண் உண்டு, ஆனால் முதல் இரண்டையும் அது விழுங்கிவிடாதபடி மொத்தத்தில் கால்பங்குக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்கிறேன்.

தொலைபேசியை எடுக்கும் தமிழரிடம் ஒரு வேண்டுகோளை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். மாணவர் திணறியவுடன் ஆங்கிலத்துக்கு மாறிவிட வேண்டாம். அவர் சொல்லைத் தேடி எடுக்கும் வரை மறுமுனையில் பொறுமையாகக் காத்திருக்கட்டும்.